பாரம் ஏற்றிப் பார்த்து கெப் வாங்குங்கள்: பாசிக்குடாக்காரருக்கு ஒரு வழிகாட்டி

வாழைச்சேனை மீன்பிடித் துறைமுகத்தில் பொழுது விடியும் நேரம் நின்றால் டபுள் கெப், சிங்கிள் கெப் எல்லாம் வரிசைக்கு நிற்கும். ஐஸ் பெட்டி ஏற்றியது ஒன்று, வலை ஏற்றியது ஒன்று, ஹோட்டலுக்கு மரக்கறி எடுத்துப் போவது இன்னொன்று. 'எது நல்ல கெப்?' என்று கேட்டால் ஆளுக்கொரு ரகத்தின் பெயரைச் சொல்வார்கள். ஹைலக்ஸ் என்பார் ஒருவர், எல்200 என்பார் மற்றவர், டீமேக்ஸை மிஞ்ச எதுவுமில்லை என்பார் மூன்றாமவர். மூவரும் தங்கள் வாகனத்தைத் தங்கள் வேலையில் வைத்துப் பேசுகிறார்கள். உங்கள் வேலைக்கு எது என்பதை நீங்களேதான் அளந்து பார்க்க வேண்டும்.

2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் திறந்தது. ஆகவே இங்கே கைமாறுபவற்றில் பெரும்பகுதி பத்து, பதினைந்து வருடம் ஓடியவை. ஒரே வருடத்தில் வந்த ஒரே ரக வாகனங்கள் இரண்டு, ஒன்று கடற்கரையிலும் ஒன்று கொழும்பிலும் ஓடியிருந்தால், இன்று ஒன்றாக இருக்காது. விளம்பரத் தாளில் உள்ள எண், அந்த வாகனம் தொழிற்சாலையை விட்டு வந்த நாளின் எண். கீழே சொல்லும் ஆறு படிகளும் கண்முன் நிற்கும் வாகனத்தை அளப்பதற்கானவை.

படி 1: வேலையை எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று கேள்விக்கு விடை எழுதுங்கள். கிழமைக்கு எத்தனை நாள் பாரம் ஏற்றுவீர்கள்? அதிகபட்சம் எத்தனை கிலோ? எந்த வீதி? கல்குடாக் கரையில் படகு இழுப்பவருக்கும், பொலன்னறுவை வழியாகக் கொழும்புக்கு மீன் அனுப்புபவருக்கும், கிரான் பக்கம் வயல் செய்பவருக்கும் ஒரே வாகனம் பொருந்தாது. மணலில் போர் வீல் இல்லாமல் முடியாது. கொழும்பு ஓட்டத்துக்கு அது வீண் எடை, வீண் டீசல்.

படி 2: எண்களைச் சரியாக வாசியுங்கள்

குதிரைவலு வேகத்துக்கு. பாரத்தை அசைத்து எடுப்பது முறுக்குவிசை, கராஜ்காரர் 'டோர்க்' என்பது. அது எத்தனை நியூட்டன் மீற்றர் என்பதோடு, என்ஜின் எத்தனை சுற்றில் ஓடும்போது கிடைக்கிறது என்றும் பாருங்கள்.

2.8 லீற்றர் ஹைலக்ஸ் ஓட்டோ 204 குதிரைவலுவும் 500 நியூட்டன் மீற்றரும் தருகிறது. 3.0 லீற்றர் டீமேக்ஸின் புதிய என்ஜின் 190 குதிரைவலு, 450 நியூட்டன் மீற்றர். இரண்டும் 1,600 சுற்றிலேயே முழு இழுவைக்கு வந்துவிடும். 2.4 லீற்றர் எல்200 என்ஜினின் 181 குதிரைவலு, 430 நியூட்டன் மீற்றர் என்பவை தாளில் நெருக்கமாகத் தெரியும். ஆனால் அதன் உச்ச இழுவை 2,500 சுற்றில்தான். ஏற்றத்திலும் மணலிலும் இந்த வித்தியாசம் காலில் தெரியும்.

அமெரிக்காவின் ராம் 3500 போன்ற கனரகப் பிக்கப்கள் 1,350 நியூட்டன் மீற்றரைத் தாண்டுகின்றன. அவற்றின் வீடியோவைப் பார்த்து நமது ஒரு தொன் கெப்பை எடைபோட வேண்டாம். அங்கிருந்து எடுக்க வேண்டியது அவர்களின் சோதனை முறையை. 2008இல் வெளியான ஒரு பொறியியல் நியமத்தின்படி, இழுவைத் திறனைச் சொல்லும் கம்பனி அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றத்தை அளவுகோலாகக் கொள்ள வேண்டும். ஏறத்தாழ 18 கிலோமீற்றர் ஏற்றம், 38 பாகை வெயில், முழுப் பாரம், ஏசியும் முழுதாக ஓட வேண்டும். பின்பக்கம் இரட்டைச் சில்லு இல்லாத வாகனம் மணிக்கு 64 கிலோமீற்றருக்குக் கீழே இறங்கக் கூடாது. எல்லா வாகனத்துக்கும் அதே வீதி, அதே நியதி. நாமும் அதைத்தான் செய்யப் போகிறோம்.

படி 3: தராசில் ஏற்றுங்கள்

லொறியோடு நிறுக்கும் தராசு உள்ள நெல் ஆலையில் வெறும் வாகனத்தை நிறுத்துப் பாருங்கள். வெறும் எடை 2,100 கிலோ, அனுமதித்த மொத்த எடை 3,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதி 900. தலைக்கு 65 கிலோவாக ஐந்து பேர் ஏறினால் 325 போய்விடும். மிஞ்சுவது 575 கிலோ, அதாவது 11 சீமெந்து மூட்டை. 'ஒரு தொன் கெப்' என்ற பேச்சின் உண்மை இவ்வளவுதான். முன்னால் பூட்டிய இரும்புக் கம்பி, பின்னால் பூட்டிய கூடு எல்லாம் இந்தக் கணக்கிலிருந்தே கழியும். பாரம் பெரிதென்றால் சிங்கிள் கெப் பக்கம் போங்கள்.

இனிவரும் சோதனை எல்லாவற்றுக்கும் 10 சீமெந்து மூட்டை ஏற்றிக் கட்டுங்கள். ஒப்பிடும் வாகனங்கள் எல்லாவற்றுக்கும் அதே 500 கிலோ, அதே சாரதி.

படி 4: மூன்று ஓட்டம் ஓடுங்கள்

*சமதரை.* வாழைச்சேனையிலிருந்து ஏ11 வீதியில் புனானை, வெலிக்கந்தை கடந்து மன்னம்பிட்டி வரை போய்த் திரும்பினால் நூறு கிலோமீற்றருக்கு மேல் வரும். புறப்படும்போது தாங்கியை நிரப்புங்கள். திரும்பி வந்து அதே செட்டில், அதே பம்பில், குழாய் தானாக நிற்கும் அளவுக்கு நிரப்புங்கள். ஊற்றிய லீற்றரால் ஓடிய தூரத்தைப் பிரித்தால் கணக்கு வந்துவிடும். டயர் அளவு மாற்றிய வாகனத்தில் மீற்றர் பிழை காட்டும் என்பதால் தூரத்தைக் கைத்தொலைபேசியில் அளவுங்கள். போகிற வழியில் நேரான, வெறிச்சோடிய இடத்தில் 40இலிருந்து 70க்கு வர எத்தனை விநாடி என்று பக்கத்தில் இருப்பவர் குறிக்கட்டும். லொறியை முந்தும்போது கைகொடுப்பது அந்த விநாடிகள்தான். யானை நடமாடும் பகுதி, பகலிலேயே முடித்துவிடுங்கள்.

*ஏற்றம்.* நமது பக்கம் தட்டையான நிலம். மலைக்கு மீன் கொண்டு போகிறவர் செங்கலடியிலிருந்து ஏ5 வீதியைப் பிடித்து மகா ஓயா, பிபிலை வழியாக லுணுகலை வரை ஏறிப் பார்க்க வேண்டும். கச்சான் காற்று அனலாக வீசும் காலமென்றால் இன்னும் நல்லது. ஏசியைப் போட்டுக்கொண்டு ஏறுங்கள். வெப்பமுள் நடுவை விட்டு அசைகிறதா, எந்த முடக்கில் எந்தக் கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது, கண்ணாடியில் கரும்புகை தெரிகிறதா என்று குறியுங்கள். இறங்கும்போது கியரிலேயே இறக்கி, பிரேக் மிதி மெல்ல மெல்ல ஆழம் போகிறதா என்று காலால் உணருங்கள்.

*மணல்.* உல்லாசப் பயணிகள் குளிக்கும் கரையை விட்டுவிடுங்கள். மீனவர் படகு ஏற்றும் இடத்தில் அவர்களைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். டயர் காற்றை 18 அளவுக்கு இறக்கி, போர்-லோவில் போட்டு, வெறும் பைபர் படகு ஒன்றை இழுங்கள். ஹைலக்ஸில் அந்தக் கியர் சில்லுக்குப் போகும் இழுவையை ஏறத்தாழ இரண்டரை மடங்காக்கும். கையால் மாற்றும் கியர் என்றால் கிளச் கருகும் மணம் வருகிறதா என்று பாருங்கள். மணம் வந்தால் கிளச்சின் ஆயுள் முடியப் போகிறது, அல்லது அந்த வேலைக்கு அந்த வாகனம் போதாது. ஓட்டோ கியர் இங்கே நிதானமாக எடுக்கும். தார் வீதிக்கு ஏறுமுன் காற்றை நிரப்ப மறக்க வேண்டாம்.

படி 5: அடியில் படுத்துப் பாருங்கள்

மீன் ஏற்றிய கெப்பை அடையாளம் காணப் பின்பெட்டியைப் பார்த்துப் பயனில்லை, அது புதுப் பெயின்ட் பூசியிருக்கும். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் பெட்டியின் ஓட்டைகளால் வழிந்து, செசியின் மேல்விளிம்பிலும் ஸ்பிரிங் பட்டை தொங்கும் கொக்கியிலும்தான் தேங்கும். அங்கே சிறு சுத்தியலால் தட்டுங்கள். 'கிண்' என்றால் இரும்பு. 'பொத்' என்றால் துரு. பின் அச்சுக்கு மேலே ஒரு மெல்லிய கம்பி போகும் ரகங்கள் உண்டு. பாரத்துக்கு ஏற்பப் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கம்பி அது. துருவேறி அது இறுகிப்போனால், பாரம் ஏற்றிய நாளில் பின்பிரேக் சரியாகப் பிடிக்காது.

மாரியில் கிரான், புலிபாய்ந்தகல் பக்கம் போகிறவர் நீர் தாண்டும் ஆழத்தையும் கேளுங்கள். கம்பனிக் கணக்கில் ரேஞ்சர் கெப்புக்கு 800 மில்லிமீற்றர், ஹைலக்ஸுக்கு 700. அது நின்ற தண்ணீருக்கு. ஓடும் வெள்ளத்துக்கு எந்தக் கணக்கும் செல்லாது.

படி 6: புள்ளி போடுங்கள்

பிரேக், சூடு, இழுவை, டீசல், செசி, உதிரிப்பாகம் என்று ஆறு வரி. ஒவ்வொன்றுக்கும் பத்துப் புள்ளி. படி 1இல் எழுதிய வேலைக்கு முக்கியமான இரண்டு வரிகளை இரட்டிப்பாக்குங்கள். உதிரிப்பாகத்துக்கு ஒரு எளிய சோதனை உண்டு. கிளச் தட்டு, முன்பிரேக் பட்டை, ரேடியேட்டர் மூன்றும் வாழைச்சேனையிலோ மட்டக்களப்பிலோ அன்றே கிடைக்குமா என்று கடையில் கேளுங்கள். கொழும்பிலிருந்து வர வேண்டுமென்றால் புள்ளியைப் பாதியாக்குங்கள். வாகனம் படுத்த ஒவ்வொரு நாளும் ஐஸ் உருகும்.

கூட்டிப் பார்த்தால் பெரிய என்ஜின் எப்போதும் வெல்லாது என்பது தெரியவரும். கொழும்பு ஓட்டக்காரருக்கு நன்கு பராமரித்த 2.4 போதும், படகு இழுப்பவருக்கு 3.0 தேவைப்படலாம். விற்பவர் பாரம் ஏற்றி ஓட விடமாட்டேன் என்றால் அதுவே ஒரு பதில். இழுவையிலோ டீசலிலோ தோற்ற வாகனத்துக்கு விலையைக் குறைத்துப் பேசலாம். பிரேக்கிலோ செசியிலோ தோற்றால் விலை பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.