கொழுப்பும் நினைவாற்றலும்: எலிகள் உணர்த்தும் உண்மைகள்

உணவுக் கொழுப்பு பற்றிய பேச்சு பெரும்பாலும் இதயத்தோடும் இடுப்பளவோடும் நின்றுவிடுகிறது. அது விலங்குகளின் மூளையை எவ்வாறு மாற்றுகிறது என்பதை ஆய்வுக்கூடங்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவந்தும் பிழையான எண்ணங்கள் சில நிலைத்திருப்பதால், அவற்றைச் சான்றுகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியமாகிறது.

நம்பிக்கை 1: பல மாதங்கள் கொழுப்பு மிகுந்த உணவை உண்டால்தான் நினைவாற்றல் குன்றும்.

உண்மை: 2009இல் ஆண்ட்ரூ மர்ரே குழுவினர் வெளியிட்ட ஆய்வில், 7.5 விழுக்காடு ஆற்றலையே கொழுப்பிலிருந்து பெற்றுவந்த எலிகள், அந்த அளவு 55 விழுக்காடாக உள்ள உணவுக்கு மாற்றப்பட்டன. ஒன்பதே நாட்களில் அவற்றின் ஓடும் திறன் குறைந்ததோடு, நடுமேடையிலிருந்து ஆரங்களாகப் பிரியும் பாதைகளில் உணவு தேடும் சோதனையில், ஏற்கெனவே சென்றுவந்த பாதைக்குள் மீண்டும் நுழையும் பிழையும் விரைவாக நேர்ந்தது.

நம்பிக்கை 2: நடத்தை மாறுவதற்கு உடற்பருமனே காரணம்.

உண்மை: அமெரிக்காவின் லூசியானாவில் உள்ள பென்னிங்டன் ஆய்வு மையத்தினர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்புணவு உண்ட சுண்டெலிகளின் குடல் நுண்ணுயிரிகள், வழக்கமான உணவை உண்ட சுண்டெலிகளுக்கு மாற்றப்பட்டன. பெற்றுக்கொண்டவை பருக்காமலேயே பதற்றத்தையும் நினைவுக் குறைபாட்டையும் காட்டின. அவற்றின் மூளையில் அழற்சிக்கான, அதாவது நோயெதிர்ப்புச் செல்கள் தூண்டப்பட்டமைக்கான, அறிகுறிகளும் தென்பட்டன.

நம்பிக்கை 3: எந்தக் கொழுப்பும் மூளைக்குப் பகைதான்.

உண்மை: டொரோண்டோவில் கிரீன்வுட், வினோகர் ஆகியோர் 1990இல் வெளியிட்ட ஆய்வில், நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த பன்றிக்கொழுப்பை உண்ட எலிகள் கற்றலிலும் நினைவிலும், சோயா எண்ணெய் உண்டவற்றைவிடப் பின்தங்கின. மாறாக, மாவுச்சத்தை ஏறத்தாழ முழுவதும் நீக்கி, கல்லீரல் கொழுப்பிலிருந்து கீட்டோன் என்னும் மாற்று எரிபொருளை உண்டாக்குமாறு அமைந்த உணவு, முதிய சுண்டெலிகளின் நினைவைக் காத்ததாக 2017இல் இரு ஆய்வுகள் காட்டின. ஆகவே கொழுப்பின் அளவோடு அதன் வகையும், உடன் உண்ணப்படும் மாவும் சர்க்கரையும் கணக்கில் கொள்ளத்தக்கவை.

நம்பிக்கை 4: இந்தப் பாதிப்பு மீளாதது.

உண்மை: நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் என்னும் மூளைப் பகுதியில், பருத்த சுண்டெலிகளின் நரம்பு இணைப்புகளை மைக்ரோகிளியா எனப்படும் காவற்செல்கள் அகற்றுவதை 2016இல் வெளியான ஆய்வு ஒன்று கண்டது; கொழுப்புக் குறைந்த உணவுக்குத் திரும்பியபின் அந்த இணைப்புகள் மீண்டன.

எலிகளுக்குத் தரப்படும் ஆய்வுக்கூட உணவு மனிதரின் அன்றாட உணவைப் போன்றதன்று என்பதால் இம்முடிவுகளை அப்படியே மனிதருக்குப் பொருத்திவிட இயலாது. ஆயினும், எடை கூடாதவரை உணவால் மூளைக்குத் தீங்கில்லை என்ற எண்ணத்தைக் கைவிடுவதற்கு இவையே போதிய காரணமாகும்.