டொபிக்கும் ஒரு டேஸ்டர் மேசை

தேயிலைத் தொழிற்சாலைக்குள் போய் வந்தவர்களுக்கு அந்த நீள மேசை தெரியும். வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் உரிய உலர்ந்த தூளும் ஊறிய இலையும் பக்கத்திலேயே இருக்கும். டேஸ்டர் கரண்டியில் அள்ளி, சத்தமாக உறிஞ்சி, வாய் முழுக்கச் சுழற்றித் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்வார். 1883இல் கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியதிலிருந்து நம் கொழுந்தின் விலையை இப்படிப்பட்ட நாக்குகள்தான் தீர்மானிக்கின்றன. அந்தக் கவனத்தில் ஒரு பங்கு நம் இனிப்புகளுக்கும் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தேர்த் திருவிழாக் கடை எள்ளுருண்டை, பள்ளிக்கூட வாசல் தோடம்பழ இனிப்பு, கறுத்த புல்டோ, வீட்டுப் பால் டொபி, இப்போது பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கும் வெடி மிட்டாய் எல்லாவற்றையும் இதே ஒழுங்கோடு சுவைத்துத் தரம் பார்க்கலாம். செய்முறை இதோ.

வாங்கும் இடத்திலேயே தொடங்குங்கள்

மலைநாட்டில் இனிப்புக்கு முதல் எதிரி காற்றிலுள்ள ஈரம். சீனி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். தென்மேல் பருவமழைக் காலத்தில் ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் திறந்து வைத்த டொபி விரைவிலேயே பிசுபிசுக்கும். ஆகவே மூடி இறுக்கமான போத்தலில் வைத்து விற்கும் கடையைத் தேடுங்கள். ஒன்றை வாங்கித் தாளைப் பிரித்துப் பாருங்கள். தாள் சுத்தமாகக் கழன்று வந்தால் சரி. டொபியோடு ஒட்டிக் கிழிந்தால் அது ஈரம் குடித்துவிட்டது, அதை வைத்துத் தரம் சொல்வது நியாயமில்லை.

பழைய வகைகளை ஒரே இடத்தில் பார்க்க நல்ல காலம் சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம். மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை நல்லதண்ணியிலும் ஏறும் வழியிலும் தொதல், மஸ்கட், அலுவா, தேன்குழல் எல்லாம் குவித்து விற்பார்கள். தோட்டத்துக் கோயில் திருவிழாக் கடைகள் அடுத்த வாய்ப்பு. கொழும்பு–கண்டி வீதியால் வருபவர்கள் வரக்காப்பொலையில் எள்ளுருண்டை வாங்கலாம். அந்த ஊரின் பெயர் சொல்லும் பண்டம் அது. ஒரு அமர்வுக்கு ஆறு வகை போதும். அதற்கு மேல் போனால் நாக்கு இனிப்பில் மரத்துப்போய், கடைசியில் வந்தவற்றுக்கு அநியாயம் நடக்கும்.

மேசையை ஒழுங்கு செய்யுங்கள்

காலைச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, வெயில் வந்ததும் உட்காருங்கள். குழம்பு சாப்பிட்ட வாயோடு உட்காரக் கூடாது. வெள்ளைத் தட்டு, பகல் வெளிச்சம், இளஞ்சூட்டுத் தண்ணீர், உப்புச் சப்பில்லாத ரொட்டித் துண்டோ கிறீம் கிறக்கரோ இவ்வளவும் போதும். மென்மையானதிலிருந்து கடுமையானதற்குப் போங்கள்: முதலில் பால் டொபி, பிறகு எள், கித்துள், அதன் பின் புளிப்பு, இஞ்சி, கடைசியில் மின்ட். மின்ட்டை முன்னால் போட்டால் அதற்குப் பின் எதுவும் உருப்படாது.

சொக்லேட் இருந்தால் ஒரு எச்சரிக்கை. கொக்கோ வெண்ணெய் சுமார் 34 பாகையில் உருகும். நுவரெலியாக் காலைக் குளிரில் அது கல்லாகக் கிடக்கும். வாயில் உருகி மணம் விட நேரமெடுக்கும். குண்டசாலையில் செய்யும் கண்டோஸ் ஆனாலும், வேறெந்த நாட்டுச் சரக்கானாலும், அடுப்படிச் சூட்டுக்குச் சற்றுத் தள்ளி அரை மணி நேரம் வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

கண், காது, மூக்கு

எள்ளுருண்டையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் முறுக்கிய தாளைப் பிரித்ததும் தாளின் உட்புறத்தைப் பாருங்கள். இலேசான எண்ணெய்த் தடம் இருக்க வேண்டும். எள் புதிது என்பதற்கு அது அடையாளம். தடம் பரவி மஞ்சளாகிக் கிடந்தால் நாள்பட்டது. விரலால் நசுக்கினால் முதலில் கொஞ்சம் மறுத்து, பிறகு உடைய வேண்டும். உடைந்த முகத்தில் எள் தனித்தனியாகத் தெரிய வேண்டும், மாவாகிவிடக் கூடாது. முகர்ந்தால் வறுத்த வாசம். அதற்குள் காறல் நெடி ஒளிந்திருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தொதலுக்கும் இதே மூக்குதான் நீதிபதி. அதில் தேங்காய்ப்பால் எண்ணெய் கசிவது குறையல்ல. அந்த எண்ணெய் கெட்டுப்போயிருப்பதுதான் குறை.

கடினமான டொபிகளுக்குக் காதைக் கொடுங்கள். நன்றாகக் காய்ச்சிய பாகு உடையும்போது ‘டக்’ என்று ஒரே சத்தம் வரும். ஈரம் ஏறியது சத்தமில்லாமல் வளையும்.

இனி மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு துண்டை வாயில் போடுங்கள். பத்து வினாடிக்கு இனிப்பும் புளிப்பும் மட்டும்தான் தெரியும். கையை எடுத்ததும் மணம் வந்து சேரும். தோடம்பழ இனிப்பில் இதைச் செய்தால் உண்மை வெளிவரும்: சிலவற்றில் தோடம்பழ வாசம் எழும்பும், சிலவற்றில் நிறம் மட்டும்தான் தோடம்பழம். கண்ணை மூடிக்கொண்டு இன்னொருவர் எடுத்துத் தருவதைச் சுவைப்பது இன்னும் நல்லது. நிறத்தைப் பார்த்ததுமே மூளை சுவையை முடிவு செய்துவிடும்.

வாயில்: பால் டொபியும் கித்துளும்

பால் டொபியை உடனே கடிக்காதீர்கள். நாக்கால் அண்ணத்தில் அழுத்துங்கள். நல்ல பால் டொபி மெல்லிய மணலாக உதிர்ந்து கரையும். சீனி நறநறவென்று பல்லில் பட்டால் பாகில் சீனி முழுதாகக் கரையவில்லை, அல்லது ஆறும்போது பெரிய படிகம் கட்டிவிட்டது. பல்லில் இழுத்தால் சீக்கிரம் இறக்கிவிட்டார்கள். கல்லாக இருந்தால் அதிக நேரம் வைத்துவிட்டார்கள்.

இந்தக் கடைசிக் குறை நம் பக்கத்து வீடுகளில் அடிக்கடி வருவதற்குக் காரணம் இருக்கிறது. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். ஏறத்தாழ 300 மீற்றர் ஏறினால் ஒரு பாகை குறையும். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 94 பாகையை ஒட்டியே கொதி வந்துவிடும். கொழும்பில் எழுதிய குறிப்பு ‘115 பாகை வந்ததும் இறக்கு’ என்று சொன்னால், நுவரெலியாவில் 109க்குப் பக்கத்திலேயே இறக்க வேண்டும். 115 வரை காத்திருந்தால் தண்ணீர் அளவுக்கு மீறி வற்றி டொபி இறுகிவிடும். வெப்பமானியே வேண்டாம் என்பவர்களுக்கு நம் ஆச்சிமார் வழி எந்த உயரத்திலும் பொய்க்காது: குளிர்ந்த தண்ணீரில் ஒரு சொட்டு விடுங்கள், விரலில் மெதுவான உருண்டையாகத் திரண்டால் இறக்கிவிடுங்கள். வீட்டுப் பால் டொபிக்குக் குறை சொல்லும் முன் செய்தவரிடம் எந்தக் குறிப்பைப் பார்த்துச் செய்தார் என்று கேளுங்கள்.

கித்துள் கருப்பட்டி கலந்த இனிப்புகளில் தேட வேண்டியது மூன்று: புகை வாசம், நடுவில் ஒரு மெல்லிய புளிப்பு, விழுங்கிய பின் தொண்டையில் நிற்கும் துளிக் கசப்பு. சீனி கலந்த கித்துள் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. அதில் இனிப்பு முன்னால் பாய்ந்து வந்து, பின்னால் எதுவும் வராது.

புதுமை மிட்டாய்கள்

வெடி மிட்டாயை மட்டமாக நினைக்க வேண்டாம். ஜெனரல் ஃபூட்ஸ் நிறுவனத்தில் வேலை செய்த வில்லியம் மிட்செல் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1956இல் கண்டது அது. சூடான பாகுக்குள் காபனீரொட்சைட்டை அதிக அழுத்தத்தில் ஏற்றிக் குளிரவைப்பார்கள். எச்சிலில் சீனி கரையும்போது சிறைப்பட்ட வாயு வெடித்து வெளியேறும். பக்கெட்டைப் பிரித்ததும் உடனே சுவையுங்கள், வாயைச் சற்றுத் திறந்து சத்தத்தையும் கேளுங்கள். வெடிப்பு அடங்கிய பின் நாக்கில் என்ன மிஞ்சுகிறது என்பதே கேள்வி. பழச்சுவை மிஞ்சினால் அது நல்ல மிட்டாய். புளிப்பு மிட்டாய்க்கும் அப்படித்தான்: மேல்தூள் கரைந்த பின் உள்ளே ருசி இருக்கிறதா?

நிறம் பற்றி அக்கறையாகவே சொல்கிறேன். பஞ்சு மிட்டாயில் துணிச்சாயமான ரோடமின்-பி கண்டுபிடிக்கப்பட்டதால் 2024 பெப்ரவரியில் புதுச்சேரியும் அடுத்துத் தமிழ்நாடும் அதன் விற்பனைக்குத் தடை விதித்தன. கண்ணால் பார்த்து அந்தச் சாயத்தை உறுதிசெய்ய முடியாது. அதனால் பம்பாய் முட்டாயோ வேறெதுவோ, பெயரும் முகவரியும் நிறமூட்டி விவரமும் இல்லாமல், ஒளிரும் இளஞ்சிவப்பில் இருந்தால் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். சின்னப் பிள்ளைகள் கையில் உருண்டையான கடின டொபியைத் தரவும் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

புள்ளி போடும் முறை

ஒரு கொப்பித் தாளில் ஐந்து பத்திகள் கீறுங்கள்: தோற்றம், மணம், கடி, சுவையின் நீளம், நினைவு. முதல் நான்குக்கும் பத்துப் பத்துப் புள்ளி. நினைவுக்கும் பத்து உண்டு, ஆனால் அதைக் கூட்டுத்தொகையில் சேர்க்காதீர்கள், தனியாக நிற்கட்டும். அப்பாயி புல்டோவுக்குப் பத்து கொடுக்கும்போது அதில் பாதி அவர் பிரட்டுக்களத்துக்கு ஓடிய காலத்துக்கானது. அது பெறுமதியான புள்ளிதான், டொபியின் புள்ளி அல்ல. மேசையில் ஒரு வயதானவரும் ஒரு பிள்ளையும் கட்டாயம் இருக்கட்டும். ஒரே டொபிக்கு இருவரும் சுவையில் எட்டுக்கு மேல் கொடுத்தால், அந்தக் கடையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மூன்று இடத்துக்கு வந்தவற்றை இறுதிச் சுற்றுக்கு எடுங்கள். சீனி போடாத வெறுந்தேத்தண்ணி ஊற்றி, கருப்பட்டியைக் கடித்துக் குடிப்பதுபோல ஒரு கடி, ஒரு மிடறு. திம்புலைத் தேயிலையின் துவர்ப்பு வாயைச் சுத்தமாக்கிவிடும். அடுத்த கடியில் டொபி முதல் கடியைப் போலவே ருசித்தால் அதற்கு முதலிடம். பல மிட்டாய்கள் இங்கேதான் விழும். வாசனைச் சரக்கு மட்டும் ஏற்றியவை துவர்ப்புக்கு முன் மெழுகாகவும் மருந்தாகவும் தெரியும். இதுவரை நான் உட்கார்ந்த மேசைகளில் எள்ளும் இஞ்சியும் கித்துளும் அடிக்கடி தாக்குப்பிடித்தன. பால் டொபி, முந்திரி போட்டு அளவாக இறக்கியிருந்தால் மட்டும்.