ரோடு வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் பக்கம் ரோடு வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் சிலர், டிப்ளமா முடித்த கையோடு சடையங்குப்பத்தில் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "ஏதாவது சொல்லுங்க ஐயா" என்பார்கள். ரிட்டயர் ஆனவனுக்குப் பேச ஆள் கிடைத்தால் விடுவானா? அப்படிச் சொன்னதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். எண் போட்டிருப்பது தேடிப் பார்க்க வசதிக்கு. வரிசைக்கு வேறு அர்த்தம் கிடையாது.

1. உங்கள் தொழிலில் ஒரு பெரியவரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கிரிக்கெட் டீமின் பதினோரு பேரையும் ஒப்பிக்கிற பிள்ளைக்கு, ரோடு போட்டவர் பெயர் ஒன்றுகூடத் தெரிவதில்லை. நான் சொல்லும் பெயர் ராஜகோபாலன் வாசுதேவன். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்தவர். நாம் குப்பையில் வீசும் கேரி பேக்கை வைத்துத் தார் ரோடு போட வழி கண்டவர். 2002இல் கல்லூரி வளாகத்துக்குள் போட்டுப் பார்த்தார். அதே வருஷம் சென்னையில் நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவில் போட்டார்கள். அடுத்து ஈரோடு வீரபத்திரர் தெரு, 2003. மதுரை வண்டியூர் ரோடு, 2004. வண்டியும் மழையும் சில வருஷம் பார்த்த பிறகு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இந்த ரோடுகளைச் சோதித்து, பள்ளமும் தடமும் விழவில்லை என்று அறிக்கை கொடுத்தது. 2013இல் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் இதற்கென்றே எஸ்பி 98 என்ற வழிகாட்டியை வெளியிட்டது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ. ஒரு கல்லூரிப் பாதையிலிருந்து டெல்லி வரை போய்ச் சேரப் பதினாறு வருஷம். வேலைக்குச் சேர்ந்த ஆறாம் மாதமே அலுத்துக்கொள்ளும் பிள்ளைகள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

2. வாசுதேவன் இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கினார். வெளிநாட்டுக்காரர்கள் விலை பேசியும் கொடுக்காமல், இந்திய அரசுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டார். பத்திரிகைகள் எல்லாம் எழுதியது இதைத்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. அந்த முறைக்குப் புது மிஷின் வேண்டாம். புது ஆள் வேண்டாம். ஊரில் இருக்கிற ஹாட் மிக்ஸ் பிளான்ட், அதே ரோலர், அதே மேஸ்திரி போதும். பிளாஸ்டிக்கைத் துண்டு போட ஒரு மிஷின் மட்டும் கூடுதல். பஞ்சாயத்து ரோடு போடுகிறவரும் எடுத்துச் செய்கிற மாதிரி ஒன்றைக் கண்டுபிடிப்பதே ஒரு தர்மம். இலவசமாகக் கொடுத்தது அதற்கு மேல். கோடி ரூபாய் மிஷின் இருந்தால்தான் ஓடும் முறையைச் சும்மா கொடுத்தால் யாருக்கு என்ன லாபம்? நீங்கள் ஒரு வேலை முறையைச் சொல்லும்போதும், கடைசி ஆளின் கைக்கு அது எட்டுமா என்று பாருங்கள்.

3. முறையைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். பாதிப் பேர் பிளாஸ்டிக்கைத் தாரில் கரைக்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. முதலில் போவது கல்லின் மேல். ஜல்லியை 160, 170 டிகிரிக்குச் சூடாக்கி, இரண்டு மூன்று மில்லி அளவுக்கு வெட்டிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவினால், அரை நிமிஷத்தில் உருகிக் கல்லைச் சுற்றி ஒரு தோலாகப் படிந்துவிடும். பிறகுதான் தார். பூசாத ஜல்லியைக் கையில் எடுத்தால் சொரசொரவென்று தூசி ஒட்டும். பூசின ஜல்லி வழவழவென்று எண்ணெய் தடவின மாதிரி மின்னும். அந்தத் தோல் இருப்பதால் கல்லுக்கும் தாருக்கும் நடுவில் தண்ணீர் புக முடிவதில்லை. தார் ரோடு கெடுவதில் பெரும் பங்கு இந்தத் தண்ணீர் புகுவதால்தான். பிளாஸ்டிக்கின் அளவு தாரின் எடையில் நூற்றுக்கு ஆறிலிருந்து எட்டு. ஒரு வண்டிப்பாதை ரோடு ஒரு கிலோமீட்டர் போட்டால் சுமார் ஒரு டன் குப்பை தீரும்.

4. பிவிசியைக் கிட்டவே சேர்க்காதீர்கள். சூடானால் அமிலப் புகை விடும். அதை மூச்சில் வாங்குவது பிளான்டில் நிற்கும் கூலிக்காரர். பிவிசி எங்கே இருக்கும்? ஒயர் உறை, பைப்புத் துண்டு, எல்லாவற்றுக்கும் மேலே பிளெக்ஸ் பேனர். நம் பக்கம் கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி என்று மூலைக்கு ஒரு பிளெக்ஸ். மூட்டையில் அது கலந்து வராமல் இருக்காது. திரும்பத் திரும்ப உருக்கிக் கறுத்துப்போன பிளாஸ்டிக்கும் ஆகாது. மூட்டையைக் கொட்டி நீங்களே கிளறிப் பாருங்கள். கை அழுக்கானால் கழுவிக்கொள்ளலாம்.

5. கலவை வந்து இறங்கும்போது லாரி பின்னால் போய் நில்லுங்கள். நீலப் புகை வந்தால் தீய்ந்துவிட்டது. மினுமினுப்பில்லாமல் கட்டி கட்டியாக விழுந்தால் ஆறிவிட்டது. குவியாமல் படுத்துக்கொண்டால் தார் கூடிப்போச்சு. கண் சொன்னதைத் தெர்மாமீட்டரும் சொல்லட்டும்: பரப்பும்போது 140க்குக் குறையக் கூடாது, சூடு 90க்குக் கீழே இறங்குவதற்கு முன் ரோலர் ஓட்டி முடித்துவிட வேண்டும். துறைமுக ரோட்டில் கன்டெய்னர் லாரி வரிசையில் மாட்டிக்கொண்ட கலவை, சைட்டுக்கு வரும்போது பச்சைத்தண்ணீர் ஆகியிருக்கும். திருப்பி அனுப்பினால் கான்ட்ராக்டர் முறைப்பார். முறைக்கட்டும்.

6. வாட்டம். இதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றுகூடச் சொல்லலாம். பூண்டி ஏரியில் உபரிநீர் திறந்தால் கொசஸ்தலை ஆறு நேரே நம் வாசலுக்கு வரும். 2021 நவம்பரில் மணலி புதுநகர் மிதந்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். சடையங்குப்பமும் அப்போது அப்படித்தான் கிடந்தது. ஏழு மீட்டர் ரோட்டில், நடுவிலிருந்து ஓரம் வரை மூன்றரை மீட்டர்; மழை ஊரில் இரண்டரை சதவீத வாட்டம் என்றால், நடு மேடு ஓரத்தைவிட எட்டே முக்கால் சென்டியாவது உயர்ந்திருக்க வேண்டும். எட்டே முக்கால் சென்டி என்பது ஏறக்குறைய ஒரு கைவிரல் நீளம். அதைக் கொடுக்க யாருக்கும் கை வருவதில்லை. கொடுத்தாலும் ஓரத்தில் மழைநீர்க் கால்வாய்க்கு வாய் வைக்காமல் போய்விடுவார்கள். அடிமண் ஊறிவிட்டால் மேலே எந்தப் பிளாஸ்டிக் பூசியும் பிரயோஜனம் இல்லை. வாசுதேவன் பெயரைச் சொல்லிக்கொண்டு வாட்டமில்லாமல் ரோடு போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

7. பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுப் போடுங்கள். மேலே மேலே போட்டால் ரோடு உயரும், வீடு பள்ளத்துக்குப் போகும். 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, மில்லிங் செய்யாமல் புது ரோடு போடக் கூடாது என்று எழுதினார். அப்புறமும் எத்தனை தெருவில் ரோடு ஏறியது என்பதை, படி இறங்கி வீட்டுக்குள் போகிறவர்களிடம் கேளுங்கள்.

8. லாரி ஓடுகிற ரோடு வேறு, லாரி நிற்கிற ரோடு வேறு. நம் பக்கம் கன்டெய்னர் வண்டிகள் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம் அதிகம். நிற்கிற பாரமும் சித்திரை வெயிலும் சேர்ந்தால் தார் குழைந்து சக்கரத் தடம் பள்ளமாகும். பிளாஸ்டிக் பூசின கலவை இதைக் கொஞ்சம் தாங்கும். ஆனால் வண்டியிலிருந்து சொட்டும் டீசலை எந்தத் தார்க் கலவையும் தாங்காது. தாரும் டீசலும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒன்றில் ஒன்று கரையும். மணலி ரிஃபைனரியில் இரண்டுமே ஒரே கச்சா எண்ணெயிலிருந்துதான் பிரிகின்றன. அதனால் வண்டி வரிசை கட்டும் இடங்களில் கான்கிரீட் கேளுங்கள். எஸ்டிமேட் கூடும் என்பார்கள். ஐந்து வருஷத்துப் பேட்ச் வொர்க் செலவைக் கூட்டிக் காட்டுங்கள்.

9. பிளாஸ்டிக் ரோடு வந்துவிட்டது, இனி இஷ்டத்துக்குப் பை வாங்கலாம் என்று பேசுகிறவர்களோடு சேராதீர்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்திருக்கிறார்கள். ரோடு போடுவதற்காக அந்தத் தடையை விட்டுக்கொடுக்க முடியாது. ரோடு தேயும்போது பிளாஸ்டிக் துகள் கழிமுகத்துக்குப் போகுமா என்று கேட்பவர்களை விரட்டாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் கறுத்தபோது, மீனவர்கள் பக்கெட்டிலும் மக்கிலும் அதை மொண்டு எடுத்தார்கள். அவர்களுக்குக் கேட்க உரிமை உண்டு. சோதித்துப் பார்த்து பதில் சொல்லுங்கள்.

10. குப்பை பிரிக்கும் பெண்களின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். கிராமங்களில் மகளிர் சுயஉதவிக் குழுக்கள் பிளாஸ்டிக்கைச் சேகரித்து, வெட்டி, ரோட்டுக்கு விற்றார்கள். யாரும் தொடாத மெல்லிய பைக்கு ஒரு விலை வந்தது அப்போதுதான். அந்தப் பணம் கிலோக் கணக்கில், வாராவாரம், கையில் போய்ச் சேர்கிறதா என்று கேட்பதும் இன்ஜினியர் வேலைதான். உங்கள் பில் மூன்று மாதம் இழுக்கலாம். அவர்களுடையது இழுக்கக் கூடாது.

11. எம்-புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், அளந்ததை மட்டும் எழுதுங்கள். கனம் சந்தேகமாக இருந்தால் ரோட்டைத் துளைத்துக் கோர் எடுக்கச் சொல்லுங்கள், எந்த இடத்தில் என்பதை நீங்களே காட்டுங்கள். கான்ட்ராக்டர் காட்டும் இடத்தில் கனம் எப்போதும் சரியாகத்தான் இருக்கும்.

12. வெயிலுக்குத் தலையில் துண்டு, காலுக்கு பூட்ஸ். தார் பட்டால் பிய்த்து எடுக்காதீர்கள். உடனே பச்சைத்தண்ணீரில் நனைத்துக்கொண்டே இருங்கள், அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சைட்டில் ஒரு டிரம் நல்ல தண்ணீர் இருக்கிறதா என்று காலையில் முதல் லோடு வருவதற்கு முன்னால் பாருங்கள்.