தறி முதலில் நிற்கட்டும்

அன்புள்ள அம்மிணிக்கு,

அன்னூரிலிருந்து சத்தி ரோட்டில், கோவில்பாளையம் வழியாகச் சரவணம்பட்டி போகும் பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு நீ எழுதிய கேள்வி வந்தது. "சிக்டெர்ம் அனுப்புனா என் புரோகிராம் சில நாள் ஒழுங்கா முடியுது, சில நாள் அப்படியே உறைஞ்சு நின்னுக்குதுங்கண்ணா. ரெண்டு நாளும் ஒரே கோடுதான். ஏனுங்?" வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்திலேயே இதைக் கேட்டுவிட்டாய். பத்து வருஷ அனுபவக்காரர்கள் பலர் கில் -9 போட்டு முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். கோவைப் பக்கம் இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தப் பதில் உதவும் என்பதால் வெளிப்படையாகவே எழுதுகிறேன்.

உங்க அப்பா தறி ஓட்டுகிறவர். தறிக்குடோனில் நீயே பார்த்திருப்பாய். நாடாவில் தார் தீர்ந்தாலும் ஊடை அறுந்தாலும், அதை உணர்ந்துகொள்ள ஒரு சின்ன முள் இருக்கிறது. ஊடை நூல் இருக்கும்வரை அது விலகிக் கொடுக்கும். நூல் இல்லையென்றால் விலகாது, கைப்பிடி விடுபட்டுத் தறி நின்றுவிடும். முள்ளின் வேலை அதோடு தீர்ந்தது. தார் மாற்றுவதும், அறுந்த இடத்தைத் தேடி முடிச்சுப் போடுவதும் உங்க அப்பாவின் கை வேலை. ஓடிக்கொண்டிருக்கும் தறிக்குள் யாரும் கையை விட மாட்டார்கள்.

உன் சிக்னல் ஹேண்ட்லர், அதாவது சிக்டெர்ம் வந்ததும் ஓடும் பகுதி, அந்த முள்தான். நீயோ அதைக்கொண்டு நூலையும் முடியவைக்கப் பார்த்திருக்கிறாய். நீ அனுப்பிய கோடில் ஹேண்ட்லருக்குள் பிரின்ட்எஃப் இருக்கிறது, ஃபைலில் எழுதுவது இருக்கிறது, மாலாக் கேட்டு இடம் வாங்குவதும் இருக்கிறது.

சிக்னல் வந்ததும் கெர்னல் உன் புரோகிராமை அது நிற்கிற இடத்தில் அப்படியே நிறுத்தி, ஹேண்ட்லருக்குள் தள்ளும். மாலாக் தன் கணக்குப் புத்தகத்தைத் திருத்திக்கொண்டிருக்கும் பாதியிலும் தள்ளும். அந்தப் புத்தகத்துக்கு ஒரு பூட்டு உண்டு. மெயின் புரோகிராம் பூட்டிவிட்டு உள்ளே வேலை செய்யும்போது சிக்னல் வருகிறது. ஹேண்ட்லர் ஓடுகிறது, அதுவும் மாலாக்கைக் கூப்பிடுகிறது, பூட்டு திறக்கட்டும் என்று காத்திருக்கிறது. திறக்க வேண்டியது மெயின் புரோகிராம். அதுவோ ஹேண்ட்லர் முடிந்தால்தான் நகரும். இரண்டும் நகராது. சிக்னல் வேறு நொடியில் வந்திருந்தால் எல்லாம் நன்றாக முடிந்திருக்கும். நீ ஒரு நாள் பார்த்ததும் மறுநாள் பார்த்ததும் இந்த வித்தியாசத்தைத்தான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல வருஷங்களுக்கு முன் ஒரு நூற்பாலைக்கு, ரிங் ஃப்ரேம்களிலிருந்து ஷிஃப்ட் வாரியாக உற்பத்திக் கணக்கை எடுக்கும் புரோகிராம் எழுதினேன். ஷிஃப்ட் மாறும்போது அதை நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டும். நிறுத்தும் சிக்னல் வந்ததும் ஹேண்ட்லருக்குள்ளேயே மொத்தக் கணக்கையும் ஃபைலில் எழுதும்படி வைத்திருந்தேன். மாதக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஒரு ராத்திரி உறைந்து நின்றது. ஷிஃப்டில் இருந்தவர் கால் மணி நேரம் பார்த்துவிட்டு கில் -9 போட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, வேறு வழி இல்லை. காலையில் பார்த்தால் ஃபைல் பாதியில் நின்றிருந்தது. அந்த ராத்திரி ஷிஃப்டில் ஓட்டிய பெண்களின் உற்பத்திப்படி அந்தக் கணக்கை நம்பி இருந்தது. சூப்பர்வைசரின் நோட்டிலிருந்து ஒவ்வொரு ஃப்ரேமாகக் கூட்டிச் சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. தப்பு முழுக்க என்னுடையது.

எனக்கு மட்டும் நடந்தது என்று நினைக்காதே. உலகத்தின் சர்வர்களில் பெரும்பாலானவற்றுக்கு வாசல் கதவாக இருப்பது ஓப்பன்எஸ்எஸ்எச். 2024 ஜூலை 1 அன்று குவாலிஸ் நிறுவனம் அதில் ஒரு ஓட்டையை வெளியிட்டது. லாகின் செய்ய வருகிறவர் 120 நொடிக்குள் முடிக்காவிட்டால் அலாரம் சிக்னல் வரும். அதன் ஹேண்ட்லர் லாக் எழுதும் சிஸ்லாக்கைக் கூப்பிட்டது, லினக்ஸின் ஜிலிப்சியில் சிஸ்லாக் மாலாக்கைக் கூப்பிட்டது. உன் கோடில் உள்ள அதே சங்கிலிதான். ஆனால் அங்கே விளைவு உறைவதோடு நிற்கவில்லை. 32 பிட் லினக்ஸ் ஒன்றில் சராசரியாகப் 10,000 முறை முயன்றால் பாஸ்வேர்டே இல்லாமல் ரூட் அதிகாரத்தோடு உள்ளே போக முடிந்தது. இந்தத் தப்பு 2006இலேயே ஒருமுறை கண்டுபிடித்துத் திருத்தப்பட்டது. 2020இல் வேறு எதையோ மாற்றும்போது, காவலாக வைத்திருந்த ஒரு வரி போய்விட்டது. ஓப்பன்பிஎஸ்டிக்கு இந்த ஆபத்து இல்லை. ஹேண்ட்லருக்குள் கூப்பிடத் தகுந்த தனி சிஸ்லாக்கை அவர்கள் 2001இலேயே எழுதிவைத்திருந்தார்கள்.

ஆகவே ஹேண்ட்லருக்குள் ஒரே ஒரு காரியம் செய். வாலட்டைல் சிக்-அடாமிக்-டி வகையில் ஒரு கொடியை வைத்துக்கொள், அதை ஒன்றாக்கிவிட்டுத் திரும்பி வந்துவிடு. மெயின் லூப் ஒவ்வொரு சுற்றிலும் கொடியைப் பார்க்கட்டும். ஃபைலை மூடுவது, கணக்கை எழுதுவது, லாகில் ஒரு வரி போடுவது எல்லாம் அங்கே. சிக்னல் என்ற பழைய ஃபங்ஷனை விட்டுவிட்டு சிக்ஆக்‌ஷனைப் பயன்படுத்து.

இதிலும் ஒரு குழி இருக்கிறது, நானும் அதில் விழுந்திருக்கிறேன். கொடியைப் பார்த்தாய், பூஜ்யம். உடனே போல் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டுத் தூங்கப் போகிறாய். அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் சிக்னல் வந்தால் கொடி ஏறியிருக்கும், ஆனால் நீ தூங்கிக்கொண்டிருப்பாய். பிபோல் இதற்காகவே வந்தது. லினக்ஸ் மட்டும் போதுமென்றால் சிக்னல்எஃப்டி இன்னும் சுலபம், சிக்னலையே ஒரு ஃபைல் மாதிரி படித்துவிடலாம். எங்கும் ஓட வேண்டுமென்றால், ஒரு பைப்பைத் திறந்து ஹேண்ட்லர் அதில் ஒரே ஒரு பைட் எழுதும் பழைய உத்தி இருக்கிறது. அதற்கு ரைட் போதும், ரைட் பாதுகாப்பானது. எவையெல்லாம் பாதுகாப்பானவை என்பதற்கு மேன் 7 சிக்னல்-சேஃப்டி பக்கத்தில் பட்டியல் உண்டு. முழுக்கப் படி.

பிள்ளை புரோசஸ்கள் வைத்திருந்தால் இன்னொன்று. மூன்று பிள்ளைகள் அடுத்தடுத்து முடிந்தால் சிக்சைல்டு மூன்று முறை வரும் என்று எண்ணாதே. சாதாரண சிக்னல்கள் வரிசையில் நிற்பதில்லை, ஒன்று நிலுவையில் இருக்கும்போது வருவதெல்லாம் அதோடு சேர்ந்துவிடும். ஒரு சிக்னலுக்கு ஒரு வெயிட் என்று எழுதினால் ஸோம்பிகள் சேரும். இனி யாரும் இல்லை என்று வெயிட்பிட் சொல்லும்வரை சுற்று.

நீ கண்டெய்னரில்தான் ஓட்டுகிறாய் என்று எழுதியிருந்தாய். டாக்கர் ஸ்டாப் சிக்டெர்ம் அனுப்பிவிட்டு 10 நொடி காத்திருக்கும், குபெர்னட்டீஸ் 30 நொடி. பிறகு வருவது சிக்கில், அதை எந்தப் புரோகிராமும் பிடிக்க முடியாது. கண்டெய்னருக்குள் உன் புரோகிராம் முதல் எண் புரோசஸாக இருந்து, ஹேண்ட்லரும் இல்லையென்றால், சிக்டெர்ம் அதை ஒன்றுமே செய்யாது. நடுவில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் இருந்தால் சிக்னல் ஷெல்லோடு நின்றுவிடும். ஸ்கிரிப்டின் கடைசி வரியில் எக்செக் போட்டால் உன் புரோகிராமே ஷெல்லின் இடத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு டிப்ளாய்மெண்டும் சரியாகப் பத்து நொடி இழுக்கிறது என்று நீ சலித்துக்கொண்டதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஸ்டீவன்ஸ் 1992இல் எழுதிய யூனிக்ஸ் புத்தகத்தின் பத்தாம் அத்தியாயத்தைப் படி. முடிந்தால் கெர்ரிஸ்க்கின் 2010 புத்தகத்தில் இருபது முதல் இருபத்திரண்டு வரையான மூன்று அத்தியாயங்களையும் படி. அவசரம் வேண்டாம், பஸ்ஸிலேயே படிக்கலாம்.

அதற்கு முன் ஒரு வேலை. ஹேண்ட்லரைத் திருத்தியபின், புரோகிராமை ஓடவிட்டு, கண்ட நேரத்தில் சிக்டெர்ம் அனுப்பி மறுபடி கிளப்பும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுது. இன்று ராத்திரி முழுக்க ஓடட்டும். எத்தனை முறை உறைந்தது, எத்தனை ஃபைல் பாதியில் நின்றது என்று எண்ணி, நாளைக்கு பஸ் ஏறியதும் எனக்கு எழுது.