அண்டாத் தண்ணீரும் விறகுக் கணக்கும்

மாப்பிள்ளைச் சம்பாவோ காட்டுயானமோ, விளைந்த நெல்லை அப்படியே வியாபாரிக்குப் போடாமல், அவித்துப் புழுங்கல் அரிசியாக விற்கணும் என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். நல்ல யோசனைதான். ஆனால் தண்ணீர் காய்ச்சும் அடுப்பை முதலில் கவனியுங்க. கிடைக்கிற லாபத்தில் ஒரு பங்கு அங்கேதான் புகையாகப் போகுது.

வங்கியில் கடன் கணக்கு பார்த்தே காலம் ஓட்டியவன் நான். அதனால் விறகுக்கும் வரவு செலவு எழுதிப் பார்த்தேன்.

100 கிலோ நெல் ஊறுவதற்கு 130 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டரை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோ ஜூல் வேணும். 28 டிகிரியில் இருக்கும் தண்ணீரை 85 டிகிரிக்குக் கொண்டுபோக மொத்தம் சுமார் 31,000 கிலோ ஜூல். நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 15,000 கிலோ ஜூல் இருக்கு. கணக்குப்படி 2 கிலோ விறகு போதும்!

நடப்பில் அப்படி இல்லை. காற்றாடும் இடத்தில் மூன்று கல் வைத்து எரித்தால் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு சூடுதான் அண்டாவுக்குள் இறங்கும். அதாவது 14 முதல் 20 கிலோ விறகு வேணும். 25 பங்கு இறங்கும்படி அடுப்பைக் கட்டிவிட்டால் 8 கிலோ சொச்சத்தில் வேலை முடியும்.

பணம் மட்டுமில்லை. எங்க வயலுக்கு அவிக்க வரும் அக்கா ஒருநாள், "சார், கூலி கூட்டித் தர வேணாம், இந்தப் புகையைக் குறைச்சுக் கொடுங்க" என்றார். சரியாக எரியாத விறகுதான் புகை. விறகு மிச்சமானால் அவர் கண்ணும் நெஞ்சும் தப்பிக்கும்.

சூடு எங்கே கசியுது?

ஒன்று, பக்கவாட்டில். அண்டாவைச் சுற்றி மண்சுவர் எழுப்புங்க. சுவருக்கும் அண்டாவுக்கும் இரண்டு விரல் இடைவெளி போதும். தீ அடியைத் தொட்டு, பக்கத்தையும் தடவிக்கொண்டு பின்பக்கப் புகைபோக்கி வழியாக வெளியேறும். விறகுக்கு அடியில் இரும்புக் கம்பி போட்டால் கீழிருந்து காற்று கிடைத்து நன்றாக எரியும்.

இரண்டு, ஈர விறகில். பச்சை மரத்தில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர்தான். அதை ஆவியாக்கவே தீ செலவாகும். சவுக்கோ வேலிக்கருவையோ, மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, கூரைக்குக் கீழே ஒரு கோடை முழுக்கக் காயவிடுங்க. பழைய டயர், பெயின்ட் அடித்த பலகை வேண்டவே வேண்டாம். அந்தச் சாம்பல் நம்ம வயலுக்குப் போகுது.

மூன்று, மூடாத வாயில். ஒரு லிட்டர் தண்ணீர் கொதித்து ஆவியாகப் போனால், அதே தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆன சூட்டைப் போல ஏழு மடங்கு கூடவே போகும். தட்டு போட்டு மூடுங்க.

நான்கு, தேவையில்லாத கொதியில். ஊறலுக்குத் தளதளவென்று கொதிக்க வேண்டியதே இல்லை. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் சுடுநீர் ஊறல் முறையில், நெல்லும் நீரும் சேர்ந்து 65 முதல் 70 டிகிரியில் 3 முதல் 4 மணி நேரம் இருந்தால் போதும். பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறி வரும் புளிச்ச வாடை இதில் வராது. 85 டிகிரி நீரில் நெல்லைக் கொட்டினால், நெல் சூட்டை வாங்கிக்கொண்டு தானாகவே 70க்குப் பக்கத்தில் நிற்கும். மேலே சாக்கு போட்டு மூடிவிடுங்க. அதைவிடச் சூடானால் உமி வாய் பிளந்து அரிசி நிறம் மாறும். ஒரு வெப்பமானி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

பாதுகாப்பையும் சொல்லணும். பூச்சிமருந்தோ ரசாயனமோ இருந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் பயன்படுத்தாதீங்க. வாய் அடைத்த டிரம்மை அடுப்பில் ஏற்றாதீங்க, ஆவி அழுத்தத்தில் வெடிக்கும். சுடுநீரை வாளியில் சுமந்து நடப்பதுதான் பெரிய ஆபத்து. அடுப்பை ஊறல் தொட்டிக்குப் பக்கத்திலேயே கொஞ்சம் மேடாகக் கட்டி, அண்டாவின் அடியில் குழாய் வைத்தால் தண்ணீர் தானாக இறங்கும். குழந்தைகள் வராதபடி ஒரு வேலி கட்டாயம்.

அடுத்த அவியலின்போது விறகைத் தராசில் நிறுத்து, நோட்டில் எழுதிட்டு அடுப்பை மூட்டுங்க. அடுப்பைத் திருத்தியபின் மறுபடி நிறுத்துப் பாருங்க. உங்க நோட்டில் விழும் அந்த இரண்டு எண்களே மற்றதைச் சொல்லும்.