ஓய்வும் தூரமும்

ஓய்வு, பிரயாணம், விளையாட்டு என்பவற்றை ஆராயும் பூகோள சாஸ்திரம் முதற்கண் வினவுவது, 'எங்கே செல்கின்றனர்?' என்பதன்று, 'எத்தனை நாழிகை ஓய்வுண்டு?' என்பதேயாம். இளம்பிள்ளையை நோக்குவோம். தறி நின்றால் கூலியில்லாத நெசவாளிகளுக்கு நெடும்பயணம் அரிது. ஆதலின் அமாவாசையன்று அருகிலுள்ள கஞ்சமலைச் சித்தர் கோயிலுக்குச் செல்லுதலே அவர்க்கு யாத்திரையும் உல்லாசமுமாகின்றது. இவ்விரண்டையும் பிரித்தறிய முயலும் நூலோர் இடர்ப்படுவது இங்கேதான். ஏற்காடோ, 1820-ஆம் ஆண்டுகளில் கலெக்டர் காக்பர்ன் காப்பிப் பயிரைக் கொணர்ந்த மலை. வெயிலுக்கு அஞ்சிய துரைமார் தங்கியிருந்த அவ்விடத்திற்கு இன்று காலையிற் சென்று மாலையில் மீளலாம். சாலை தூரத்தைக் குறைத்தது; கூலிக்கணக்கை மாற்றவில்லை. இனி விந்தையொன்று: இவர்க்குத் தொழிற்களமாகிய இளம்பிள்ளையே, புடைவை வாங்க வெளியூரிலிருந்து வரும் குடும்பங்களுக்கு ஒருநாள் உல்லாசத்தலமாம். தீபாவளிக்கு முன் அவர்கள் கடைகளில் திரளுங்கால், தறிகளுக்கு ஓய்வில்லை.