நெட்டை நாற்று வீரிய நாற்று அல்ல

கோடியக்கரையில் தொடங்கி வேதாரண்யம், தலைஞாயிறு வழியாகத் தஞ்சாவூர் வரை, நாற்று விடும் காலம் வந்துவிட்டால் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழுகிறது. "இருட்டுல போட்டா முளை கிடுகிடுன்னு வளரும். நெட்டையா வர்ற நாத்துதான் வீரியமான நாத்து." சாட்சிக்கு அம்மன் கோயில் முளைப்பாரியைக் காட்டுவார்கள். வேளாண்மை படித்தவர்கள்கூட இதைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் பொறுக்க முடியாதது.

முளைப்பாரி வழிபாடு; அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அதை வயலுக்கு அளவுகோல் ஆக்குவதுதான் பிழை. இருட்டறையில் பத்து நாள் வளர்ந்த முளைகளைக் காயவைத்து எடை போட்டுப் பாருங்கள். போட்ட விதையின் எடையைவிடக் குறைவாகவே இருக்கும். விதைக்குள் இருந்த மாவையும் எண்ணெயையும் கரைத்து, செல்களுக்குள் தண்ணீரை ஏற்றி, தண்டு நீண்டிருக்கிறது. அவ்வளவுதான். வெளிச்சம் கிடைக்காத முளை சேமிப்பு தீர்வதற்குள் மண்ணைத் தாண்டிவிடத் துடிக்கிறது. அந்தத் துடிப்பை வீரியம் என்பது அபத்தம்.

வெளிச்சம் செடிக்குச் சாப்பாடு மட்டும்தான் என்ற நினைப்பே இந்தத் தவறின் வேர். வெளிச்சம் கட்டளையும்கூட. முளையின் செல்களில் பைட்டோகுரோம் என்ற ஒளியுணர் புரதம் இருக்கிறது. சுமார் 660 நானோமீட்டர் சிவப்பு ஒளி பட்டதும் அது உருமாறிச் செல்லின் கருவுக்குள் நுழைகிறது. இருட்டில் அங்கே தண்டை நீட்டும் மரபணுக்களை 'பிஃப்' என்ற புரதங்கள் முடுக்கிக்கொண்டிருக்கும். பச்சையத்துக்கான மரபணுக்களை இயக்கும் 'எச்ஒய்5' புரதத்தை 'காப்1' அழிவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். பைட்டோகுரோம் உள்ளே வந்ததும் பிஃப் சிதைகிறது, காப்1 அடங்குகிறது, எச்ஒய்5 நிலைக்கிறது. எச்ஒய்5 ஒளிக்குக் கட்டுப்பட்ட மரபணுக்களின் முகப்பிலேயே நேரடியாகப் போய் ஒட்டுகிறது என்று 1998-இல் காட்டிய ஆய்வின் முதல் ஆசிரியர் சுதீப் சட்டோபாத்யாய். நெல் முளையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மரபணுக்களின் இயக்கம் வெளிச்சத்தால் மாறுகிறது என்று 2005-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

இன்னும் சந்தேகமா? நெல்லில் பைட்டோகுரோம் மரபணுக்கள் மூன்றே. 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நிப்பன்பாரே ரகத்தில் மூன்றையும் செயலிழக்கச் செய்தார்கள். இடைவிடாமல் சிவப்பு ஒளி பாய்ச்சியும் அந்த முளைகள் இருட்டில் வளர்ந்தவை போலவே வெளிறி நீண்டன. ஒளியால் இயங்க வேண்டிய மரபணுக்கள் இயங்கவில்லை. வெளிச்சம் இருந்தது, அதை உணர உறுப்பு இல்லை. சாப்பாட்டுக் கதை அங்கேயே முடிந்துவிட்டது.

நாற்றங்காலில் நடப்பதும் இதுதான். கோடியக்கரைக் காட்டில் பாலை மரத்தடியில் விழும் ஒளியில் சிவப்பு குறைவு. மேலே உள்ள இலைகள் அதை உறிஞ்சிவிடுகின்றன. 730 நானோமீட்டரை ஒட்டிய தொலைசிவப்பு மிஞ்சுகிறது. அது பைட்டோகுரோமைப் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். நெருக்கி விதைத்த நாற்றும் பக்கத்து நாற்றின் இலையால் இதே செய்தியைப் பெறுகிறது. உடனே தண்டும் இலையும் நீள்கின்றன. வேருக்கும் தூருக்கும் போக வேண்டியது குறைகிறது. கடைமடைக்குத் தண்ணீர் பிந்தி வருவதால் நாற்று முற்றி நெடுத்துவிடுவது விவசாயியின் குற்றமல்ல. ஆனால் அந்த நெட்டையைப் பெருமையாகப் பேசக் கூடாது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

எந்த விதையும் மண்ணால் மூடினால்தான் முளைக்குமா? இல்லை. வேதாரண்யம் பக்கத்துக் கொல்லைகளில் புகையிலை விதையை மணலோடு கலந்து மேலாகத் தூவுவதற்குக் காரணம் இருக்கிறது. கிராமுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் வரும் அந்தப் பொடி விதை முளைக்க வெளிச்சம் வேண்டும்.

வெளிறிய முளைக்கு யூரியா போட்டால் பச்சை வருமா? இருட்டில் வெளிறியது என்றால் வராது. நெல்லில் பச்சையம் உருவாகும் கடைசிக் கட்டங்களில் ஒன்று ஒளி இல்லாமல் நடக்காது. வெயிலில் வையுங்கள், போதும்.

தெருவிளக்கடியில் சம்பா கதிர்விடப் பிந்துவது கண்ணேறா? இரவின் நீளத்தைக் கணக்கிட்டுப் பூக்கும் பழைய ரகங்களுக்கு அந்த விளக்கு இரவைக் குலைக்கிறது. அங்கும் வேலை செய்வது பைட்டோகுரோம்தான்.

தமிழ்நாட்டில் 'ராஜராஜன் 1000' என்று பெயரிட்டுப் பரப்பிய செம்மை நெல் சாகுபடி இந்த ஒளிக்கணக்கோடு ஒத்துப்போகிறது. ஏக்கருக்கு 3 கிலோ விதை, 14, 15 நாள் இளநாற்று, குத்துக்கு ஒன்று, 25 சென்டிமீட்டர் இடைவெளி. பயிரின் அடிவரை சிவப்பு ஒளி இறங்குகிறது, தூர் வெடிக்கிறது. வழக்கமான முறையில் குறுகிய கால ரகத்துக்கு ஏக்கருக்கு 24 கிலோ விதை போகிறது. இந்த வித்தியாசத்தை ஊருக்கு ஊர் எடுத்துச் சொல்லாமல் விதை விலையைப் பற்றிப் புலம்புவதில் பயனில்லை.

வரும் பட்டத்தில் நாற்றின் உயரத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பத்து நாற்றைப் பிடுங்கி, வேர் எவ்வளவு அடர்த்தி, அடித்தண்டு எவ்வளவு பருமன் என்று பாருங்கள். அதன்பிறகு அது நல்ல நாற்றா என்று முடிவு செய்யுங்கள்.